மாடத்தில் நின்றவள்

மழைக்காலத்தில் கண்ணாடித் தகடுகள் சீக்கிரம் உலர்வதில்லை. அதனால்தான் தாமதம், இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன். நீங்கள் கேட்ட படங்களை இப்போது கொண்டுவந்திருக்கிறேன்.

கல்லூரியில் தத்துவம் படித்தேன். கோட்டைக்குள் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்கள் சோறு போட்டன. எனக்கு வேண்டிய படம் வேறு. கல் எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று அதில் தெரியக்கூடாது.

கரமனை ஆற்றங்கரையில் பாழடைந்த கல்மண்டபம் ஒன்று. அதில் ஒரு மாடத்தில் சிலை இல்லை. அங்கே என் மனைவி பாகீரதியை நிறுத்தினேன். ஈர வேட்டியைச் சுற்றி, மேலே களிமண் பூசிக்கொள்ளச் சொன்னேன்.

"உங்கம்மா பாத்தா, எருமைன்னு நெனச்சுத் தொழுவத்துல கட்டிடுவா" என்று சிரித்தாள்.

மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. லென்ஸை வெகுநேரம் திறந்துவைக்க வேண்டும். அவளுக்கோ மூச்சு இழுப்பு நோய். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் கல் தெளிவாக விழுந்தது. அவள் மட்டும் புகையாக இருந்தாள்.

ஸ்டூடியோவில் ஆட்கள் அசையாமலிருக்க முதுகுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதுண்டு. கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சாலைக் கடைத்தெருக் கொல்லனிடம் நெஞ்சுக்கும் ஒரு பட்டை செய்யச் சொன்னேன். திருகினால் இறுகும். களிமண் பூசினால் வெளியே தெரியாது.

"ஏன்னா, மூச்சு முட்டறது. நாளைக்கு வச்சுக்கலாமே."

"நாளைக்கு இந்த வெளிச்சம் வராதுடி."

இன்னும் ஒரு சுற்றுத் திருகிவிட்டு வந்து லென்ஸைத் திறந்தேன்.

"பாகீரதியம்மா கூப்பிட்டது கேட்டில்லே சாமி? அக்கரையில் துணி அலக்குறவனுக்கே கேட்டல்லோ" என்றீர்கள் முந்தாநாள்.

கேட்டது. இரண்டு முறை என் பெயரையே சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கு முன் சொன்னதே இல்லை. போய்த் திருகைத் தளர்த்தியிருந்தால் தகடு வீணாகியிருக்கும். நின்றேன். அவள் வலது கை விரல்கள் அசைந்தன. பிறகு அசையவில்லை.

நேற்று இருட்டறையில் தகடுகளைக் கழுவும்போது அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் கேட்டது.

இழுப்பு வந்து இறந்தாள் என்று வீட்டில் சொன்னது பொய். பட்டையை இறுக்கியது நான். தளர்த்தாமல் விட்டதும் நான்.

அன்று எடுத்த முதல் தகட்டில் விரல்கள் கலங்கியிருக்கும். அதனால் பட்டையைக் கழற்றுவதற்கு முன் இன்னொன்று எடுத்தேன். அதைப் பாருங்கள். ஒரு விரல்கூடக் கலங்கவில்லை. எனக்காக அவள் இவ்வளவு மனமொத்து நின்றது அன்று ஒருநாள்தான்.