ஜெனிபர் திறந்த வால்வு

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா பூவராகவன் அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாலமோன் ஐயா அவர்களே, சின்னப்பொண்ணு அம்மா அவர்களே, ஷிப்டு முடிந்து உடைகூட மாற்றாமல் வந்திருக்கும் கும்மிடிப்பூண்டித் தோழர்களே!

தொழிற்சங்கச் செயலாளர் தணிகாசலம் பேசுகிறேன். பொறியாளர் ஜெனிபர் அவர்களைப் பற்றி இறந்த காலத்தில் பேச என் நாக்கு இன்னும் பழகவில்லை.

சோழவரத்திலிருந்து எங்கள் ரசாயன ஆலைக்கு பஸ் பிடித்து வருவார். ரியாக்டரில் கொதிக்கும் ரசாயனத்தின் வெப்பத்தைக் கட்டுப்பாட்டு அறைத் திரைக்குக் கொண்டுவரும் பெட்டிகள் அவர் பொறுப்பு. அந்தப் பெட்டிக்குள் ஓடும் நெட்வொர்க் மென்பொருளில் ஒரு ஓட்டை இருப்பதை அவர் கண்டார். நெட்வொர்க் வழியே தாறுமாறான ஒரு செய்தி வந்தால், அது தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்திலும் எழுதிவிடும். பெட்டி இயங்காமல் அப்படியே உறைந்துபோகும். திரையோ கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? நிர்வாகத்தின் கண்ணெதிரே செய்து காட்டினார். மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, அப்படியொரு செய்தியை அனுப்பி, வெப்பம் அளக்கும் கம்பியைக் கொதிநீரில் போட்டார். திரையில் எண் அசையவில்லை.

"சார், பெட்டி செத்துப்போச்சு. ஸ்கிரீனுக்கு அது தெரியல" என்றார்.

அந்த மென்பொருளைச் செய்தவர்கள் திருத்தத்தை அப்போதே வெளியிட்டிருந்தார்கள். அதைப் பெட்டிகளில் ஏற்ற ஆலையை நிறுத்த வேண்டும். ஆர்டர் முடியட்டும் என்றது நிர்வாகம். அதன்பின் ஜெனிபர் எங்களிடம் வந்தார். அதுவரை ரியாக்டர் மேலேயே இருக்கும், வெப்பம் காட்டும் முள் மீட்டரை ஆள் போய்ப் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் பார்த்தோம். அதனால்தான் இன்று இங்கே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

விபத்து நடந்த அன்று, அலுவலகத்தில் அதே நெட்வொர்க்கில் புதிதாக மாட்டிய ஏதோ ஒரு கருவியிலிருந்து அந்தத் தாறுமாறான செய்தி வந்தது. பெட்டி உறைந்தது. சூடு ஏறியது. பெட்டி பழைய எண்ணையே காட்டியதால், தானாகத் திறக்க வேண்டிய குளிர்நீர் வால்வு திறக்கவில்லை. மீட்டர் பார்க்கப் போன ஆபரேட்டர் வெங்கடேசன், முள் சிவப்பில் நிற்பதைக் கண்டு போன் செய்தார். ஜெனிபர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓடிவந்தார்.

"அண்ணா, எல்லாரையும் இட்டுக்கினு கேட்டாண்ட போங்க. நான் வால்வ தொறந்துட்டு வரேன்."

தானும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார் வெங்கடேசன். உள்ளே இருப்பவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டு ஜெனிபர் அவரை அனுப்பிவிட்டார். அவர் திறக்கப் போனது ஆபத்து நேரத்துக்கென்று தனியாக வைத்த, கையால் சுற்றும் குளிர்நீர் வால்வு, இறுகிப் போயிருந்தது. அதை முழுவதும் திறந்தார். தண்ணீர் பாய்ந்தது. ரியாக்டர் வெடிக்கவில்லை. ஆனால் அதற்குள் மேலே இருந்த குழாய் இணைப்பு பிய்ந்து, கொதிக்கும் ரசாயனம் அவர்மேல் கொட்டியது. மருத்துவமனையில் கண் விழித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா? வந்துவிட்டார்கள் என்று சொன்னோம். பிறகு அவர் கண் திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதியின்றி வால்வைத் திறந்த பொறியாளரின் தவறே விபத்துக்குக் காரணமாம்! இதை எழுதிய கை எப்படிக் கூசாமல் இருந்தது?

சின்னப்பொண்ணு அம்மா என்னைக் கேட்டார்: "எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு நைனா? நீங்க கூட வேல பாத்தீங்களே, சொல்லுங்க."

அம்மா, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதையே விசாரணையில் சொல்வோம், கோர்ட்டிலும் சொல்வோம். வெங்கடேசன் சாட்சி சொல்கிறார்.

தோழர்களே, இதே மென்பொருள் இந்தத் தொழிற்பேட்டையில் இன்னும் எத்தனை ஆலைகளில் ஓடுகிறது? யாருக்கும் தெரியாது, கேட்டால் யாரும் சொல்வதில்லை. எங்கள் ஆலையில்கூட குழாய் பிய்ந்த அந்த ஒரு ரியாக்டரின் பெட்டியை மட்டுமே மாற்றியிருக்கிறார்கள். மற்றவை அப்படியே இருக்கின்றன. நாளைக் காலை அவற்றை ஓட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.

நாளைக் காலை நாங்கள் வேலைக்குப் போவோம். ரியாக்டர் பக்கத்தில் போய் நிற்போம். திருத்தம் ஏறும்வரை ஒருவரும் சுவிட்சைத் தொட மாட்டோம்.