சுல்தானின் துக்கம்

— …ஆகவே, அன்பார்ந்த உடும்பு நேசர்களே, இல்லறம் இழந்து தவிக்கும் என் சுல்தானை, கனத்த இதயத்தோடு உங்கள் முன்னால்…

— காங், எங்கோஸ் அண்ணன் வண்டி இன்னும் தெருமுனைக்கே வரல. அதுக்குள்ள யாருக்குப் பேசுறீங்க? என் சோயா மூட்டைக்கா?

— ஒத்திகை, எனுங். பாண்டுங் உடும்பு நேசர் சங்கத் தலைவர் தன் கடைசி உடும்பைத் தாரை வார்க்கிறார். சும்மா பெட்டியில் போட்டு அனுப்ப முடியுமா?

— அதான் சட்டைப்பையில ‘தலைவர்’னு தைச்சிருக்கே, அது பத்தாதா? யாரு உங்கள அப்படி ஒரு சபதம் போடச் சொன்னது?

— சபையில் சொன்ன சொல். இந்த வருடம் குஞ்சு காட்டாவிட்டால் பதவியும் சுல்தானும் எங்கோஸுக்கு. அவரிடம் பெண் உடும்பு இருக்கிறது. என்னிடம்… சுல்தானின் ஜோடி புத்ரியும் போய்விட்டாள்.

— மழையில நெஞ்சுல சளி கட்டிப் போனா, பாவம். கொய்யா மரத்தடியில பொதைச்சுட்டு நீங்க சோறு திங்கல. அதையும் பார்த்தேன்.

— ஒரு குஞ்சுக்காக எத்தன வருஷம், எனுங்! மொத ஜோடி ரெண்டும் ஆணுன்னு தெரியறதுக்குள்ள ஒண்ணோட வால இன்னொண்ணு துண்டாக்கிருச்சு. அப்புறம் வெலைக்கு வாங்குன முட்டைங்க…

— கரண்ட் போயிப் போயி வந்ததுல குஞ்சு பொரிக்கிற பெட்டி கொதிச்சு, அத்தனையும் அவிஞ்சு போச்சு. அந்த நாத்தம், வாழையிலையில கட்டிப் புளிக்க வெச்ச என் சோயா டெம்பேல ஏறி, சந்தையில ஒருத்தி வாங்கல.

— அப்புறம் புத்ரி. அவளுக்கு என்ன செய்யல? காடை முட்டை, ஜாமு கஷாயம், முட்டை போட ஆத்து மணலைச் சலிச்சு மெத்தை…

— போடல. உடனே சங்கத்துல மைக்கப் புடிச்சு ‘மலடி’ன்னீங்க.

— அது அறிவியல்பூர்வமான முடிவு.

— பொண்ணுன்னு பேரு வெச்சாச்சு, அப்புறம் குத்தமெல்லாம் அவ தலையில. கால்நடை டாக்டரம்மா ஸ்கேன் பண்ணி ஆணா பொண்ணான்னு சொல்றேன்னாங்களே, கேட்டீங்களா?

— முப்பது வருடக் கண் இருக்கும்போது ஸ்கேன் எதற்கு?

— மொத ஜோடியப் பார்த்ததும் அதே கண்ணுதானே?

— இந்த முறை ஆராய்ந்தேன். சீறிச் சீறி விழுவது பெண். பொறுத்துப் போவது ஆண். நம் வீட்டைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

— நல்ல ஆராய்ச்சி! தொட்டியில ரெண்டும் கட்டிப் புரண்டப்போ புத்ரிதான் மேல ஏறியிருந்தா. நானே பார்த்தேன்.

— புத்ரி, அதாவது இளவரசி என்று பெயர் வைத்தால் கொஞ்சம் அதிகாரம் செய்வாள்தான்.

— சரி, இந்த மாப்பிள்ளைக்கு என்ன கேடு? கோழித்தலை போட்டா மோந்துகூடப் பார்க்கல.

— துக்கம்.

— திங்காமலே வயிறு உப்பிக்கிட்டுப் போகுது.

— சிலருக்குத் துக்கத்தில் உடம்பு வைக்கும். உன் அத்தைக்கு வைக்கவில்லையா?

— எங்க அத்தைய இழுக்காதீங்க. விடிய விடியக் கூண்டு மூலையப் பறண்டுது.

— தனக்கே குழி தோண்டுகிறான்! உரையின் உச்சமே அதுதான். ‘துணையை இழந்த அந்த ஆண்மகன்…’

— காங், வாய மூடுங்க. கூண்டு தொறந்து கெடக்கு.

— என்னது? ஐயோ, வாசல்ல ஹாரன் அடிக்குது. எங்கோஸ் வந்துட்டார்!

— நிக்கட்டும். வாலு தேச்ச தடம் பின்கட்டுக்குப் போகுது. என் சோயாத்தோல் குவியல் பக்கம்.

— அந்த மக்குற குப்பைக்கா? கை வெச்சா வெதுவெதுன்னு ஆவியடிக்குமே!

— ஆமா, உங்க சலிச்ச மணல்தான் சில்லுன்னு கெடக்கு. இருங்க… குவியலக் கொடைஞ்சு உள்ள போயிருக்கு. வாலு மட்டும் வெளிய தெரியுது.

— அசையுதா? எனுங், உசிரோட இருக்கானா சொல்லு! சபதமும் வேணாம், தலைவர் சட்டையும் வேணாம். எங்கோஸே போட்டுக்கட்டும். அவன் உசிரோட இருந்தாப் போதும்.

— இருக்கு, இருக்கு. அழாதீங்க. அங்கயே நில்லுங்க, கிட்ட வந்தா சீறுது.

— சுல்தானா? சீறுறானா? அவன் பொறுமைசாலியாச்சே!

— காங்… எங்கோஸ் அண்ணன் பெட்டியத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகட்டும்.

— ஏன்? அப்ப என் உரை?

— அப்படியே பேசுங்க, ஆளை மட்டும் மாத்திக்குங்க. செத்ததுதான் மாப்பிள்ளை. சுல்தான் இங்க முட்டைய மூடிக்கிட்டிருக்கா.