கரைக்கு வராத வாப்பா

“பொய் சொல்லித்தான் என்ட மகள் கட்டார்ல கூட்டாளி புடிச்சா மச்சி!”

கல்முனை பஸ்ஸில் முன்சீற்று உம்மா இப்படிப் பெருமையடித்ததும் என் காது நீண்டுவிட்டது. லீவில் தனியாக வந்தவராம். பக்கத்தில் இருந்தவர் புருசனின் தங்கச்சி.

“புது ஸ்கூல்ல ஒரு மாசம் தனியத்தான் சாப்பிட்டா. ஒருநாள் துணிஞ்சி, இந்தியாப் புள்ளயளுக்கிட்ட ‘உங்களோட கதைக்கட்டா?’ எண்டு கேட்டிருக்கா. கதைக்கிறதெண்டா பேசுறதெண்டு அவளுகளுக்குத் தெரியா. கதை சொல்லப் போறாவாக்குமெண்டு சுத்தி இருந்திட்டாளுகள்!”

“அல்லாஹ்! பிறகு?”

“வாப்பா தோணியில போய்ச் சுறாவோட சண்ட புடிச்ச கதைய எடுத்துவிட்டா.”

“நாநா தோணியில ஏறினதே இல்லயே!”

“அது அங்க ஆருக்குத் தெரியும்? இப்ப நான் போன் எடுத்தா, ‘பிறகு கதைக்கிறன் உம்மா, எல்லாரும் பாத்திட்டிருக்காங்க, வாப்பா இன்னும் கரைக்கு வரல்ல’ எண்டு வெச்சிடுறா!”