குடும்பத் தலைவர் பேசுகிறேன்

"ஹலோ... ஆமா... ஆமா, வெல்டர் வீடுதான்... ம்... யாரு?... என்னது, நான் சாரா?"

தையல்காரி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தாள். கூப்பிட்டவளைச் சொல்லிக் குற்றமில்லை. மழையில் நனைந்ததில் இவளுக்குச் சளி பிடித்து, தொண்டை கட்டி, குரல் தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி இருந்தது. போனும் இவளுடையது அல்ல, வீட்டுக்காரருடையது. வெட்டு மேசையில் துணிக்கு நடுவே அலறியது, எடுத்துவிட்டாள். அவரோ குளியலறையில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு, கேட்பாரில்லாத தைரியத்தில் பாடிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, நான் வந்து அவரோட... எங்கேருந்து? ஆஸ்பத்திரியா?... ம்... ஆராய்ச்சியா?... நாளைக்கா? நாளைக்கே இதயத்தைப் பார்த்துடுவீங்களா? காசில்லாமலா?... ம்... ஆனா வெல்டர் சார்கிட்ட மட்டும்தான் பேசுவீங்களா?... சம்சாரம்கிட்ட?... கூடாதா?... ஓஹோ. அப்படியா சேதி."

தையல்காரி குளியலறைக் கதவைப் பார்த்தாள். பாட்டு இப்போதைக்கு ஓய்கிற மாதிரி தெரியவில்லை. தையல் மிஷினின் காலில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே ஒரு கணம் யோசித்தாள். ஒரே ஒரு கணம்தான்.

"சொல்லும்மா. நான்தான்."

இதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நம் மொழியில் 'நான்' என்ற சொல்லுக்கு மீசையும் கிடையாது, கொண்டையும் கிடையாது. வந்தான், வந்தாள் என்று அடுத்தவரைப் பற்றிப் பேசும்போதுதான் வம்பு. தன்னைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எவனும் எவளும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தப்பிக்கலாம். அவளும் அந்த நம்பிக்கையில்தான் இறங்கினாள்.

"ஆமாம்மா, போன வாரம் பட்டறைத் தெருவுக்கு வந்தீங்கல்ல, கையில பட்டையைக் கட்டி அமுக்கிப் பார்த்தீங்களே... ஆமா, ஆமா... என்ன, பிரஷர் அதிகமா? ரொம்பவா?... ஏம்மா, எல்லாம் நார்மல்னுதானே சொன்னீங்க?... சொல்லலையா?... அப்ப நார்மல்னு யார் சொன்னது?... சரி, நானே சொல்லிக்கிட்டேன் போல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன அமர்க்களம் பண்ணினார் மனுஷன்! பட்டறைத் தெருவில் அவருக்கு இரும்பண்ணன் என்று பெயர். 'பேருக்கேத்த ஒடம்புன்னு சொல்லிட்டாங்கடி' என்று மார்பைத் தட்டிக் காட்டினார். தட்டிய கையோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதை அவள் பார்க்கவில்லை என்று வேறு நினைத்துக்கொண்டார். தையல்காரி குரலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"கேள்விதானே? கேளும்மா, கேளு... என்ன ஆராய்ச்சி இது?... ஆம்பளைங்களும் வலியுமா? இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா? சளி பிடிச்சா வீட்டையே ரெண்டு பண்ணுவாங்க... பண்ணுவோம்! பண்ணுவோம்னு சொல்ல வந்தேன். சின்ன வலின்னா ஊரைக் கூட்டுவோம், பெரிய வலின்னா வாயைத் தெறக்க மாட்டோம். எழுதிக்கிட்டியா?... எழுதிக்கோ, எழுதிக்கோ. வேணும்னா கோடு போட்டு எழுது."

அந்தப் பெண் எழுதுகிறாள் என்று தெரிந்ததும் தையல்காரிக்கு ஒரு குஷி வந்துவிட்டது. எத்தனை வருஷமாகப் பேசுகிறாள்! 'நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்' என்பதைத் தவிர வேறு பதில் கேட்டதில்லை. சார் என்று ஒரு சொல் முன்னால் வந்து உட்கார்ந்ததும் வாயிலிருந்து விழுவதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்கிறார்களே!

"...குடும்பத் தலைவரா? இதுல என்ன சந்தேகம்? நான்தான்... முடிவெல்லாமா? அதுவும் நான்தான்... வீட்ல கலந்து பேசுவேனாவா? என்னத்தைக் கலக்கறது? சொல்லிடுவேன். கேக்கலைன்னா சட்டைக்குப் பொத்தான் வெச்சுத் தர மாட்டேன், அவ்வளவுதான்... ஆங்?... ஆமாம்மா, தைக்கவும் தைப்பேன்... வெல்டர்தான்! வெல்டிங்கும் தையலும் ஒண்ணுதானே, ரெண்டும் ஒட்டற வேலை. நீ அடுத்த கேள்விக்குப் போ."

மேசையோரம் குனிந்து வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அதுவும் நல்லதற்குத்தான், இருமல் அசல் ஆம்பிளை இருமலாக இருந்தது.

"...ஒண்ணுமில்லம்மா, பட்டறைப் புகை... கடைசியா எப்போ அழுதேனா? இதெல்லாமா கேப்பீங்க? பொண்ணு கல்யாணத்துல. பந்தல் கம்பத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு. யாராவது பார்த்தா கண்ணுல பொறி பட்டுடுச்சுன்னு சொல்றது. கல்யாணத்துல எங்கேருந்து வெல்டிங் பொறி வரும்?... ஆமா... ஆமா, சிரி, சிரி. எனக்கும் அன்னிக்குச் சிரிப்புதான் வந்துச்சு... அதாவது இப்ப நெனைச்சா வருது."

அடுத்த கேள்வி வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"...நெஞ்சுலயா?... இருக்கு... இருக்கும்மா. இடது பக்கம். தோள்லேருந்து கை வரைக்கும் இழுக்குது... எப்போன்னா, மாடிப்படி ஏறும்போது. எங்க வீடு மூணாவது மாடி. முதல் மாடி திருப்பத்துல கரண்டு மீட்டர் பெட்டி இருக்கு. அங்க நின்னு மீட்டரைப் பார்க்கற மாதிரி நடிக்கிறது. தெனமும்! கரண்டு ஆபீஸ்காரன்கூட அப்படிப் பார்க்க மாட்டான்... மூச்சு அடங்கினதும் ஏறுறது... ராத்திரியா? படுக்க முடியல. சுவத்துல சாஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது. எழுந்து வந்து என்னன்னு கேட்டா வாயு... ஆமா, வாயு. எல்லாத்துக்கும் வாயு. தைலத்தைத் திருட்டுத்தனமா தேச்சுக்கிட்டு, வாசனை வருதேன்னா பட்டறை எண்ணெய்னு சொல்றது. எந்தப் பட்டறையில கற்பூர எண்ணெய் ஊத்தி வெல்டிங் வைக்கிறாங்க?... பயமாவா? பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. ராத்திரி மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கையை வெச்சு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். தன் மூக்குக்கிட்ட தானே கை வைத்துப் பார்க்கிற மனிதன் உலகத்தில் உண்டா? குளியலறைப் பாட்டு எப்போதோ நின்றிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"...ஹலோ? என்னம்மா, சத்தத்தையே காணோம்?... யாரு, நானா? நான் நான்தான். ஏன் கேக்கற?... குரல்லயா சந்தேகம்?... குரல் இல்லையா? பின்ன எதுல?... அந்த மூக்கு விஷயமா?... அதுக்கும் முன்னாடியேவா?... பதில்லயா? பதில்ல என்ன குத்தம் கண்டே?"

காதை நன்றாக அழுத்திக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"...ஒருத்தர்கூடவா?... இதுவரைக்கும் கூப்பிட்ட அத்தனை ஆம்பளைங்களுமா?... எல்லாரும் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'னா சொன்னாங்க?... ஒருத்தர் கட்டுப் போட்ட காலோட படுத்துக்கிட்டேவா! அடப்பாவி!... அதனால? வலிக்குதுன்னு ஒத்துக்கிட்டதால நான் ஆம்பளை இல்லையா?... நல்லாயிருக்கே உங்க ஆராய்ச்சி! உண்மையைச் சொன்னதும் பொம்பளைன்னு கண்டுபிடிச்சிட்டியே, கெட்டிக்காரிதான் நீ."

முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. குரலை அதன் இஷ்டத்துக்கு விட்டாள்.

"சரி கண்ணு. சம்சாரம்தான் பேசறேன்... கோவிச்சுக்காதே. ஏமாத்தணும்னு இல்ல... இல்லம்மா, வெச்சுடாதே! வெச்சுடாதே, ஒரு நிமிஷம்... நான் சொன்னதுல எது பொய்யி? ஒரு எழுத்து பொய்யி கிடையாது. என்னா, அவரோட வலியை நான் சொன்னேன். அவ்வளவுதானே?... அழிக்கப் போறியா? ஏன்? சார்னு நெனைச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் எழுதினே, சம்சாரம்னதும் அழிக்கிறியே, அது எப்படி?... ம்... ம்... விதிமுறை. தெரியும் கண்ணு, உன்மேல வருத்தமில்ல. நீயும் யாருக்கோ பதில் சொல்லணும்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இவரோட கூடப் பொறந்த அண்ணனும் வாயுன்னுதான் சொன்னார். சோடா வாங்கிட்டு வான்னு ஆளை அனுப்பினார். அனுப்பினவன் திரும்பி வர்றதுக்குள்ள... ம். ஆமா... அதுக்குத்தான் இந்தக் கூத்து. இவரை இழுத்துட்டு வர எனக்கு வேற வழி தெரியல. சண்டை போட்டாச்சு, பேசாம இருந்து பார்த்தாச்சு, என் தலையில அடிச்சுச் சத்தியம்கூடக் கேட்டாச்சு... அப்ப அவர் வாயாலதான் சொல்லணுமா?... 'ஆமா, வலிக்குது, வர்றேன்'னு மட்டும் சொன்னா போதுமா? கண்ணு, அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் மாசக்கணக்கா தவம் கிடக்கேன். கிணத்துல கல்லைப் போட்டா 'டொப்'னு ஒரு சத்தமாவது வரும். இவர்கிட்ட அதுவும்..."

பின்னால் தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினாள்.

இரும்பண்ணன் இடுப்பில் துண்டோடு நின்றார். ஒரு காதில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. காலடியில் குட்டையாகத் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தால் கொஞ்ச நேரம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"ஏங்க... ஆஸ்பத்திரியிலேருந்து. உங்களைத்தான் கேக்கறாங்க."

அவர் வெடுக்கென்று போனைப் பிடுங்கினார். தையல்காரி ஸ்டூலோடு இரண்டடி நகர்ந்துகொண்டாள்.

"ஹலோ! யாரும்மா அது?... ஆமா, நான்தான். அசல் நானேதான்!... எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்!"

தையல்காரி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"...அவ சொன்னதையெல்லாம் எழுதாதே. ஊசியை உலக்கைன்னு சொல்றவ... வலியா? வலியெல்லாம் இல்ல, வாயு... ஆமா, வாயுதான். எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறும்மா, தெரியுமில்ல?... கல்லைச் செரிக்கிற வயித்துல வாயு எப்படி வருமா? அது... அது வந்து... எதிர்க் கேள்வியெல்லாம் கேக்கற நீ... ஆங்?... மீட்டரா? மீட்டர் ஓடுதான்னு பார்க்க வேண்டாமா? பில்லு நான்தானே கட்டறேன்!"

சத்தம் எதிர்வீடு வரைக்கும் போயிருக்கும். தையல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துப் பெண் சத்தத்துக்கு அசருகிறவள் இல்லை போலிருக்கிறது. என்னவோ மெதுவாகக் கேட்டாள்.

"...யாரு? எங்க அண்ணனா?... ம்... ஆமா, அப்படித்தான் சொன்னார்... இல்ல, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகல. போகவே இல்ல... அப்ப அவர் வயசா?"

துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். இறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

"...இப்ப எனக்கு இருக்கற வயசுதாம்மா."

அப்புறம் மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். வாயருகே ஒரு கையைக் குவித்துக்கொண்டார். பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அதை இவ்வளவு தணித்து அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. கேட்காத மாதிரி, ஏற்கெனவே மடித்து வைத்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"...ம்... ஆமா... இடது பக்கம்தான்... படியில ஏறும்போது... ஆமாம்மா, கை வரைக்கும்... வலிக்குது... ம்... ரொம்ப வலிக்குது... இல்ல, அவகிட்ட சொல்லல... எப்படிச் சொல்றது? சொன்னா பயந்துடுவாளேன்னுதான்..."

நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டார்.

"...பயந்துதான் போயிருக்கா."

தையல்காரியின் கை துணிமேல் அப்படியே நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. புறங்கையால் முகத்தை வழித்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்துச் சரிசெய்து, குரலைப் பழையபடி கூரைக்கு ஏற்றினார்.

"...சரி, சரி, நாளைக்குக் காலையில வந்துடறேன்!... வெறும் வயித்துலயா? சரி... ஆமா, அவளும் வருவா, கூட வராம விடுவாளா?... எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அதை நல்லா எழுதிக்கோ. ஆம்பளை ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்கன்னு நீ சொல்றே, பாவமா இருக்கு, ஒரு ஒத்தாசைக்கு வர்றேன். அவ்வளவுதான்! வெச்சுடறேன்!"

வைத்துவிட்டார்.