இல்லாத கால் அரிக்குது

– கட்டைவிரலு அரிக்குது சுதாகரு. உசிரு போற அரிப்பு.

– எந்தக் கட்டைவிரலு மச்சான்?

– இடதுகாலு.

– அது யாழ்ப்பாணத்துக் கண்ணிவெடியில போயி இருபத்தோரு வருசமாச்சு.

– காலுதான் போச்சு. ஒங்க அக்கா நீலாவதி, காலு இருக்க வேண்டிய எடத்துல பாயைச் சொறிஞ்சு விடுவா. அடங்கிரும். இப்ப சில நாளு பாயில அந்தச் சத்தம் மட்டும் கேக்குது. அரிப்பு நிக்க மாட்டேங்குது.

– அக்கா பேச்சை விடுங்க. சுனாமிக்கப்புறம் அஞ்சு வருசமா எட்டிப் பாக்காத ஆளு. ஷாதிபூர்ல இருந்து ஊனுகோலோட இங்க புரோத்ராபூருக்கு பஸ் ஏறி வந்திருக்கீங்க. என்ன சங்கதி?

– ஒரு கையெழுத்து. நாளைக்கு மெடிக்கல் போர்டு.

– பென்சன் இன்னுமா வரல?

– கச்சால் தீவுல பேங்கும் போச்சு, என் பென்சன் புத்தகமும் போச்சுன்னு எழுதிக் குடுத்தேன். முகாம்ல கணக்கெடுத்த பாபு என் பேருக்கு நேரா 'அலையில் கால் போனது'ன்னு எழுதி வச்சுட்டான். அலை எடுத்த காலுக்குப் பட்டாளத்துக் காசு எப்படிம்பாங்க ஆபீசுல.

– அரே! அலை வந்து காலை மட்டும் அறுத்துக்கிட்டுப் போகுமா?

– நானும் கேட்டேன். 'காகஸ் லாவ்', காயிதம் கொண்டாங்கிறான். எலங்கையில பொறந்தவன் நான். பத்து வயசுல கப்பலேத்தி நிக்கோபார் ரப்பர் தோட்டத்துல விட்டாங்க. இந்தியப் பட்டாளத்துல சேந்தேன், அங்கேயே சண்டைக்கு அனுப்பினாங்க. பொறந்த மண்ணு காலைப் பிடுங்கிக்கிச்சு. மொழங்காலுக்குக் கீழதானேன்னு பென்சன்ல கம்மிப் பர்சன்டேஜ். அரிசி வாங்கினா மண்ணெண்ணெய்க்கு இருக்காது.

– மொழங்காலுக்குக் கீழ போனவனுக்கு வயிறும் பாதியாமா?

– அந்தப் பாதியும் இப்ப இல்ல. சுனாமிக்கு முந்தியே எனக்குக் காலில்லன்னு சொல்ல நீ ஒருத்தன்தான் மிச்சம். மத்த சொந்தமெல்லாம் கச்சாலோட போயிட்டாங்க. போட்டுரு.

– இருங்க, படிச்சுட்டுப் போடுறேன். நல்லதம்பி... பட்டாளத்து நம்பரு... பென்சன் புத்தக நம்பரு. மச்சான், இது ஒரு மொழம் நீளமிருக்கு. தேதி, புத்தகத்துல கையெழுத்துப் போட்ட ஆபீசர் பேரு வரைக்கும் எழுதியிருக்கீங்க.

– ஞாபகத்துல எழுதினேன்.

– என் மக பேரு தெரியாம 'பாப்பா, பாப்பா'ன்னு சமாளிக்கிற ஆளு நீங்க. புத்தகம் எங்க?

– விடு சுதாகரு.

– எங்கன்னு கேக்குறேன்.

– பெட்டியில. பாலிதீன்ல சுத்தி வச்சிருக்கேன்.

– புத்தகத்தை வச்சுக்கிட்டா அஞ்சு வருசமாப் பட்டினி கெடந்தீங்க? அதை மேசையில போட்டா நாளைக்கே வேலை முடிஞ்சுது! பித்துப் பிடிச்சிருச்சா?

– அது ஒங்க அக்கா இடுப்புல இருந்துச்சு.

– அக்காதான் கெடைக்கவே இல்லன்னீங்களே.

– மூணாம் நாளு கெடைச்சா. ரப்பர் மரத்தடியில. முந்தானையில புத்தகத்தை முடிஞ்சு, இடுப்போட இறுக்கிச் செருகியிருந்தா. ஒரு உடைஞ்ச வாளியை வச்சு நானே குழி தோண்டினேன்.

– அஞ்சு வருசம் மச்சான்! முகாம் முகாமா போட்டோவைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். பேச்சில்லாம ஒரு பொம்பளை இருக்கான்னாங்க, கார் நிக்கோபாருக்குக் கப்பலேறிப் போனேன். வீட்டுல போட்டோவுக்கு ஒரு மாலை போட விடல நான். ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு வாயில்லையா?

– எந்த வாயால சொல்ல? மொத அலை வடிஞ்சப்ப ரெண்டு பேரும் மேட்டுலதான் நின்னோம். நாந்தான் சொன்னேன், 'புத்தகமில்லாட்டி ஒத்தப் பைசா தரமாட்டானுங்க, ஓடிப்போய் எடுத்துட்டு வா'ன்னு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம எறங்கிப் போனா. அதை எந்த மேசையில கொண்டு போய் போடுவேன்?

– பேனாவைக் குடுங்க.

– சுதாகரு...

– குடுங்கன்னேன். காலு போனது நெசம், அதுக்குப் போடுறேன். கவர்மெண்டு ஒங்களுக்குத் தரவேண்டியதை நாளைக்குப் போய் சண்டை போட்டு வாங்குங்க. எங்க அக்காளைப் புதைச்ச எடத்தைக் காட்டணும், அது நீங்க எனக்குப் பாக்கி.