இறங்குற மேசை

இல்லைங்க, நான் துணைக்கு வரலை. டெஸ்டு எனக்குத்தான். கர்ப்பப்பை வாய்ல கேன்சர் இருக்கான்னு பாக்குறாங்களே, அதேதான். பாத்தீங்களா, நீங்களும் இந்தச் சக்கர நாற்காலியத் தள்ளிட்டு வந்த ஆளத் தேடுறீங்க! யாரும் வரலை. டாக்சி கம்பெனில போன் எடுக்குறவ நான். ஊருக்கெல்லாம் வண்டி அனுப்புறவளுக்கு ஒரு வண்டி கிடைக்காதா? டிரைவரே இறக்கி விட்டுட்டு வெளிய காத்துட்டு இருக்காரு.

உங்களுக்கு என்னங்க பயம்? ரெண்டு படி ஏறுவீங்க, படுப்பீங்க, துணியச் சரி பண்ணிட்டு இறங்கிடுவீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களப் பாத்தாலே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

எங்க அக்கா மேல இருக்குற எரிச்சலுக்கு இது ஒண்ணுமே இல்லை. ஆறேழு மாசம் முன்னாடி வேற ஆஸ்பத்திரிக்கு இதே டெஸ்டுக்குப் போனா. தனியாப் போகப் பயம். நீ பக்கத்துல இருடின்னு என்னையும் இழுத்துட்டுப் போனா. என்னைக் கார்லேர்ந்து தூக்கி இறக்க என் வீட்டுக்காரரும் வந்தாரு. ஆமாங்க, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இப்படி முழிக்காதீங்க.

அங்க ஒரு நர்சம்மா. அக்காவப் பாத்து, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவரு, மச்சினியக்கூட இப்படித் தாங்குறாரேன்னு சொல்லுச்சு. என் புருஷனக் காட்டி! இவ உடனே இல்லைன்னு சொல்லணுமா இல்லையா? சிரிச்சா. நல்லா ரசிச்சுச் சிரிச்சிட்டு, அப்புறமா, ஐயோ, இவரு அவ வீட்டுக்காரருங்கன்னா. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு நெஞ்சுல உறுத்துது. அவ புருஷன் ஒரு நாளும் கூட வந்ததில்லை, அது வேற விஷயம். அதுக்காக என்னோடத எடுத்துக்குவாளா, ஒரு நிமிஷம்னாலும்? அவளுக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே!

அவ உள்ள போயிட்டு வந்ததும் நானும் கேட்டேன், எனக்கும் பண்ணிடுங்களேன்னு. நர்சம்மா என்கிட்ட பேசலை. அக்காகிட்ட கேக்குது, இவங்களுக்கு எதுக்குன்னு. எதுக்காம்! எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு இப்பத்தானே காதுல விழுந்துச்சு? எட்டிப் பாத்தா, டெஸ்டுக்குப் படுக்குற மேசை என் கழுத்து உசரம். என் வீட்டுக்காரர் தூக்கி வைக்கிறேன்னாரு. ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதாம். அவங்களுக்கும் தூக்க ஆள் இல்லையாம். அடுத்த தடவை பாக்கலாம்னு அனுப்பிட்டாங்க.

ரிசல்ட் வந்த அன்னிக்கு அக்கா ஓடி வந்தா. தெருமுனையிலேர்ந்தே ஓட்டம். ஒண்ணும் இல்லையாம்டி, தப்பிச்சேன்னு என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. நானும் அழுதேன். என் தங்கச்சிக்கு என் மேல எவ்வளவு பாசம்னு இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறா. பாசமாவது! பொறாமைங்க. அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரே, அந்தப் பொறாமை.

எனக்கு அப்பவே ரத்தம் பட ஆரம்பிச்சிருந்துச்சு. தேதி கீதி எதுவும் இல்லை, நினைச்சப்பல்லாம். இன்னும் நிக்கலை. அவர்கிட்டயும் சொல்லலை, அவகிட்டயும் சொல்லலை. அதான் தனியா வந்தேன்.

என்னையா கூப்பிடுறாங்க? இந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க. இல்லை இல்லை, ஒரு நிமிஷம் நீங்க போய்ப் பாத்துச் சொல்லுங்களேன். இங்க மேசை கீழ இறங்கும்னு போன்ல சொன்னாங்க. நிஜமா இறங்குதான்னு மட்டும் பாருங்க. வெளிய நிக்குற வண்டிய நான் இன்னும் திருப்பி அனுப்பலை.