அம்மா பிடித்த கை

ஓடுகிறோம். கொழும்பின் காலி வீதியில் பஸ் ஒன்று வெடித்தது. முதலில் ஒரே ஒரு 'டும்'. பிறகு கண்ணாடிகள் விழும் சத்தம். அது நிற்கவேயில்லை, கூரையில் மழை மாதிரி. வெள்ளவத்தை ஒழுங்கையில் கடல் பக்கம் இறங்குகிறோம். அம்மாவின் ஒரு கையில் பை. மற்றக் கையில் அண்ணா. அவனுக்குப் பதினேழு வயது. எனக்கு ஒன்பது. நீங்களே சொல்லுங்கள், யாரைப் பிடிக்க வேண்டும்?

"குனிஞ்சு ஓடுங்கோ!" யாரோ கத்துகிறார்கள். "தண்டவாளத்துக்குப் போகாதீங்கோ!"

என் கையில் களிமண். சித்திரப் பாடத்தில் மிஞ்சியது. மதிலோரம் நின்றபோதுதான் பார்த்தேன். என் ஐந்து விரலும் அதில் ஆழமாகப் பதிந்திருந்தன. ரேகைகூட. அப்போதுதான் தோன்றியது. இந்தக் கட்டி அம்மாவின் கைக்கும் அண்ணாவின் கைக்கும் நடுவில் இருந்திருந்தால் என்ன உருவம் வந்திருக்கும்? நான் சிற்பியானது அந்த மதிலோரத்தில். பொறாமையில்.

அண்ணா ஜெரோம் அம்மாவுக்கு முதல் கணவரிடம் பிறந்தவன். அவர் கொட்டாஞ்சேனைத் தமிழர். இறந்துவிட்டார். என் அப்பா சிங்களவர். அவரைத் தாத்தா என்பேன், சிங்களத்தில் அப்பாவுக்கு அதுதான் சொல். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். "உன்ர அப்பா என்ன கிழவனாடி?" என் பெயர் சந்துனி.

ஒழுங்கை முனையில் மறித்தார்கள். சீருடை. துவக்கு. அண்ணாவின் அடையாள அட்டையை ஒருவன் இரண்டு தரம் வாசித்தான். என்னிடம் பெயர் கேட்டான். சிங்களத்தில் சொன்னேன். "நங்கி, யன்ன." தங்கச்சி, நீ போ. அண்ணாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மாவின் பிடி விட்டது. ஜீப்பின் பின்னால் ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினார்.

"நீ வீட்ட போ! உனக்கு ஒண்டும் செய்யமாட்டாங்கள்!"

போனேன். தனியாக. வழி முழுக்க நெஞ்சு எரிந்தது. ஆபத்தில் இருக்கிறவனுக்குத்தான் அம்மா என்றால், என்னையும் ஏற்றியிருக்கலாமே.

கொட்டாஞ்சேனையிலிருந்து சித்திமார் வந்தார்கள். மெழுகுதிரி, செபமாலை, அழுகை. எல்லாம் அண்ணாவுக்கு. எனக்குப் பசிக்கிறது என்றேன். "சந்துனி நோனாவுக்கு என்ன குறை?" என்றாள் சின்னச் சித்தி, சிங்களச் சீமாட்டியைச் சொல்வதுபோல. தாத்தா பாண் வெட்டித் தந்தார். பொலிசுக்கு அலைந்ததும் அவர்தான். மாதக்கணக்கில் கெஞ்சினார். அண்ணா மெலிந்து வந்தான். பிறகு கனடா.

இப்போது நான் செய்வதெல்லாம் பிடிகள். இரண்டு பேர் கை கோக்கிறார்கள், நடுவில் களிமண். நசுங்கி வரும் வடிவத்தைப் பிளாஸ்டரில் வார்க்கிறேன். கொம்பனித்தெருவில் ஒரு தகப்பனும் மகளும். புதுக்கடையில் இரண்டு சிநேகிதிகள். ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய எரிவு தணிந்தது. தணிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் அண்ணா லீவில் வந்தான். அம்மாவையும் அவனையும் இருத்தினேன். களிமண்ணை நடுவில் வைத்தேன். கட்டி வரவில்லை. மெல்லிய தகடு வந்தது. அவ்வளவு இறுக்கம். இந்த வயதிலும் எனக்கு எரிந்தது. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அண்ணா சிரித்தான். "விசரி! எனக்கு உன்னிலதான் எரிச்சல். 'நீ போ' எண்டு உன்னைத்தானே சொன்னவங்கள். உள்ளுக்குள்ள இருந்து அதைத்தான் நினைச்சனான். இவள் இப்ப வீட்ட பாண் திண்டுகொண்டிருப்பாள் எண்டு."

"சம்பலும் இருந்தது," என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. "பையை எறிஞ்சிருக்கலாம், மகள்," என்றார்.

இழந்துபோனவற்றை எழுதி வைக்கிறேன். பஸ்ஸில் இருந்தவர்கள், ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. அண்ணாவின் ஏ லெவல் சோதனை. அவனுடைய இடது காதின் கேட்கும் திறன், உள்ளே இருந்தபோது போனது. வெள்ளவத்தை வீடு. தாத்தா, அண்ணா கனடாவிலிருந்து திரும்பி வரும்வரை உயிரோடு இருக்கவில்லை. ஒன்பது வயதில் அம்மாவின் கையில் எனக்கிருந்த பங்கு.

விமான நிலையத்தில் அண்ணா கேட்டான். "பிடிச்ச கையெல்லாம் செய்யிறாய். விட்ட கை செய்வியா?"

விட்ட கையில் களிமண் நிற்காது. விழும். விழுகிறபோதே உறைய வேண்டும். சூடான மெழுகைத் தண்ணீருக்கு மேல் பிடித்து விட்டால்? இரண்டு தரம் முயன்றேன், சிதறியது. திங்கட்கிழமை மறுபடி. கை தர அம்மா சம்மதித்திருக்கிறார். மற்றக் கை என்னுடையது.